சன்னலைத் திறந்தவருக்கும் நம் புளோக்கின் மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும்

அன்புள்ள அண்டை வீட்டாருக்கு வணக்கம்.

நம் அடுக்குமாடிப் புளோக்கின் எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. இறந்துபோன இருவரின் பெயரையும் எழுதப்போவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாட்டியும் அவருடைய மகனும் அந்த வீட்டில் இறந்து கிடந்ததைக் கண்டு மூன்று வாரம் ஆகிறது. காவல்துறை இன்னும் ஒரு முடிவும் சொல்லவில்லை. மருத்துவர்கள் சொல்லவில்லை. மரண விசாரணை அதிகாரி சொல்லவில்லை. நாம் சொல்லிவிட்டோம். "வேலை போன விரக்தியில் அம்மாவை முடித்துவிட்டுத் தானும் போய்விட்டான்." இந்த ஒரே வாக்கியத்தை நான்கு பேர் வாயிலிருந்து நான்கு முறை கேட்டேன். நான்காம் முறை கேட்டபோது பாட்டியின் மகள் அதே மின்தூக்கிக்குள் நின்றிருந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த அவரை அங்கிருந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அவர் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வந்ததும் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அக்கா, என் தம்பியா செய்தான்?"

எனக்குத் தெரியாது என்றேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் 26 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அதில் நிறைய நாள்கள் மரண விசாரணைகளில் கழிந்தன. 1990களில் ஒரு விசாரணை. கட்டுமானத் தளத்தில் இறந்த ஓர் ஊழியர். ஊரிலிருந்து வந்த அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையில் இருந்த காயம் உயரத்திலிருந்து விழுவதோடு ஒத்துப்போகிறது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில், "உயரத்திலிருந்து விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்றேன். வேகத்தில் வந்த வாக்கியம். அண்ணன் எழுந்து, "அப்படியென்றால் அவன் தானாக விழுந்தது உறுதிதானா?" என்று கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் அப்படிச் சொல்லவில்லை. விழுந்தால் இப்படிக் காயம் வரும் என்றேன். வேறு விதங்களிலும் வரக்கூடும். எப்படி வந்தது என்பதை மற்றச் சாட்சியங்களோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்." நான் என் பிழையை நீதிமன்றத்திடம் சொல்லித் திருத்தினேன். அந்த அண்ணனின் முகம் இன்றும் மறக்கவில்லை. ஒரு வினாடி அவருக்குக் கிடைத்த உறுதி என் வாயிலிருந்து வந்தது. அதை நானே திரும்பப் பிடுங்கிக்கொண்டேன்.

ஒத்துப்போகிறது என்பதற்கும் அதனால்தான் நடந்தது என்பதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை அன்று கற்றேன். நம் புளோக்கில் அந்தத் தூரத்தை மூன்று வாரமாக எல்லோரும் ஒரே எட்டில் தாண்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். இவை எல்லாவற்றையும் புலனாய்வு அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை அந்தத் தம்பி என்னோடு மின்தூக்கியில் வந்தார். கையில் பத்துக் கிலோ அரிசிப் பை. நான் இறங்குவதற்குள் அதை இரண்டு முறை தரையில் வைத்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை, பாட்டி கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது, சன்னல்களும் சாத்தியிருந்தன. இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே மூன்று தமிழ் முரசு நாளிதழ்கள் செருகியிருந்தன. மேலே இருந்தது ஞாயிறு இதழ். மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக் கீழே வந்துவிட்டேன். அப்படி நினைத்ததற்காக நான் தினமும் வருந்துகிறேன், அது வேறு விஷயம்.

அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே என் வீடு. பாட்டியின் அறைக் குளிர்சாதனத்திலிருந்து நீர் சொட்டி, நான் துணி காயப்போடும் இடத்தின் தகரத்தில் விழும். எத்தனையோ முறை தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் ஆள் வைத்துப் பார்க்கிறேன் என்பார். அந்த வாரம் முழுக்க இரவும் பகலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கும் கேட்டது. ஏழு மணிக்கு நடைக்குப் போகக் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன், அவர்கள் வீட்டுக் கூடத்துச் சன்னல் அகலத் திறந்திருந்தது. காவல்துறை வந்தது அதற்கு அரை மணிக்கும் மேலான பிறகு. நான் திரும்பி வந்தபோது தகரத்தில் சொட்டுச் சத்தம் இல்லை. அவர்கள் கதவில் ஒரு நாளிதழும் இல்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அரிசிப் பையை இரண்டு முறை கீழே வைத்ததைச் சொன்னபோது, "அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கும்" என்று சேர்த்துச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பை கனமாக இருந்திருக்கலாம். அன்று வெயிலும் கடுமை. நான் பார்த்தது பையையும் கைக்குட்டையையும் மட்டும்தான்.

இனி நீங்கள் பார்த்ததாகச் சொல்பவற்றுக்கு வருகிறேன். கதவு திறந்திருந்த அந்தச் சில நிமிடங்களில் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். மகனின் வாயிலும் மூக்கிலும் இரத்தம் வழிந்திருந்தது என்கிறீர்கள். முகம் கறுத்து வீங்கியிருந்தது, யாரோ அடித்தாற்போல இருந்தது என்கிறீர்கள். பாட்டியின் முதுகுப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது என்றும் ஒருவர் சொன்னாராம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் இந்த மூன்றையும் மருத்துவர்கள் விளக்க, நான் மொழிபெயர்த்த நாள்களுக்குக் கணக்கே இல்லை. உடல் அழுகத் தொடங்கும்போது உள்ளே வாயு சேர்கிறது. அது வயிற்றையும் நுரையீரலையும் அழுத்தும்போது செம்பழுப்பான நீர் வாய், மூக்கு வழியே வெளியேறும். பார்ப்பதற்கு இரத்தம் போலவே இருக்கும். அந்த வாயுவே முகத்தையும் வீங்கச் செய்யும், நிறத்தையும் கறுக்கச் செய்யும். இதயம் நின்ற பிறகு இரத்தம் ஓடாது, எடையால் கீழே இறங்கித் தங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில் தங்கும். சில மணி நேரத்தில் அந்த இடம் ஊதா நிறமாகிவிடும். படுக்கையில் அழுந்திய இடம் மட்டும் வெளிறியிருக்கும். கன்றிய காயம் வேறு, இது வேறு. தோலைக் கீறிப் பார்க்கும் மருத்துவருக்கு, இரத்தம் திசுவுக்குள் கசிந்திருக்கிறதா அல்லது குழாய்களுக்குள்ளேயே தேங்கியிருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கதவோரம் நின்று எட்டிப் பார்த்த நமக்கு அது தெரிய வழியே இல்லை.

உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டது எது, இறந்த பின் ஏற்பட்டது எது என்ற இந்தக் கேள்வி இரண்டு நாடுகளையே மோத வைத்திருக்கிறது. நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1991 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணும் அவர் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுவனும் இறந்து கிடந்தார்கள். பெண் கழுத்து நெரிக்கப்பட்டும் பையன் நீரில் மூழ்கியும் இறந்திருந்தார்கள். ஃபிளோர் கொன்டம்பிளாசியோன் என்ற இன்னொரு பணிப்பெண் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார். பிலிப்பீன்ஸ் கொந்தளித்தது. இறந்த பணிப்பெண்ணின் உடலை அங்கே தோண்டியெடுத்து ஆராய்ந்த அவர்கள் நாட்டு வல்லுநர்கள், அவர் கடுமையாக அடிக்கப்பட்டிருக்கிறார் என்றார்கள். நம் மருத்துவர்கள் மறுத்தார்கள். ஒரே எலும்புகள், இரண்டு வாசிப்புகள். தூதர்கள் திரும்பிப் போகும் அளவுக்கு உறவு கெட்டது. கடைசியில் மூன்றாம் தரப்பாக அமெரிக்க வல்லுநர்கள் ஆராய்ந்து, 1995 ஜூலையில் சிங்கப்பூரின் முடிவோடு உடன்பட்டார்கள். அந்த வழக்கைப் பற்றி இன்றும் மனம் ஆறாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாட நான் வரவில்லை. படித்துப் பயிற்சி பெற்ற வல்லுநர்களே எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு முரண்பட்ட இடத்தில், நாம் ஒரு கணப் பார்வையை வைத்துக் கொலைப் பழி சுமத்துகிறோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் புளோக்கில் நடந்ததில் எல்லாமே ஒரு கேள்வியில் தொங்குகிறது. யார் முதலில் இறந்தார்?

பாட்டி படுத்த படுக்கை. சோறு, தண்ணீர், மாத்திரை எல்லாம் மகன் கையால்தான். பாட்டி முதலில் இறந்திருந்தால் ஒரு கதை. மகன் முதலில் இறந்திருந்தால்? கூடத்தில் மகன் சாய்ந்துவிட, உள்ளறையில் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். குரல் வெளியே கேட்டிருக்காது. கவனித்துக்கொள்பவர் திடீரென இறந்து, அவரை நம்பியிருந்தவர் அதன்பின் தாகத்தாலும் பட்டினியாலும் இறப்பது உலகில் பல நாடுகளில் பதிவாகியிருக்கும் ஒன்று. அப்படி நடந்திருந்தால் நாம் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர், அம்மாவுக்கு அரிசி வாங்கிச் சுமந்து வந்த பிள்ளை.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று என் மனம் ஆசைப்படுகிறது. ஆசைப்படுவதாலேயே நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. மகனின் உடல் மிகவும் அழுகியிருந்தது, பாட்டியின் உடல் அவ்வளவாக இல்லை என்று நீங்கள் சொன்னபோது, ஆகா, மகன்தான் முதலில் போயிருக்கிறார் என்று தோன்றியது. பிறகு என் தகரத்தில் விழுந்த சொட்டுச் சத்தம் நினைவுக்கு வந்தது. பாட்டியின் அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மகன் கிடந்த கூடத்தில் சன்னல்கள் சாத்தியிருந்தன, ஊர் வெக்கை முழுதும் உள்ளே. குளிரில் உடல் மெதுவாகக் கெடும், வெப்பத்தில் வேகமாகக் கெடும். இருவரும் ஒரே மணி நேரத்தில் இறந்திருந்தாலும், ஏன், பாட்டி ஒரு நாள் முன்னதாகவே இறந்திருந்தாலும்கூட நீங்கள் பார்த்த வித்தியாசம் இருந்திருக்கும். எனக்குப் பிடித்த கதைக்கு நான் தேடிய சாட்சியை என் காதே தட்டிவிட்டது.

குளிர் நாடுகளில் உடலின் வெப்பம் இறங்கும் வேகத்தை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பார்கள். உயிருள்ள உடலின் வெப்பம் 37 பாகை. நம் ஊரில் பகல் 31, 32 பாகை. இறங்குவதற்கு இடமே குறைவு. அதிலும் நான்கைந்து நாள் கடந்துவிட்டால் அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் மருத்துவர் உடலோடு சேர்த்து அறையையும் கேட்கிறார். குளிர்சாதனம் எத்தனை பாகையில் ஓடியது? எப்போது நின்றது? சன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? உள்ளறைக் கதவு?

சன்னலைத் திறந்தவரே, இப்போது உங்களோடு பேசுகிறேன்.

நீங்கள் யார் என்று நான் ஊகித்திருக்கலாம். அதை அதிகாரியிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நான் ஆளைப் பார்க்கவில்லை. திறந்த சன்னலைத்தான் பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்றை நம்பிக்கையோடு உங்களிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். துர்நாற்றம் தாங்காமல் அன்று காலை கதவைத் திறந்திருப்பீர்கள். உள்ளே போனதும் பதறி, காற்று வரட்டும் என்று சன்னலைத் தள்ளியிருப்பீர்கள். பாட்டியின் அறையில் குளிர்சாதனத்தை நிறுத்தியிருப்பீர்கள். வெள்ளை வேட்டியோ போர்வையோ எடுத்து யார் மீதாவது போர்த்தியிருக்கவும் கூடும். எந்தத் தமிழ் மனமும் அந்த இடத்தில் அதைத்தான் செய்யும். பிறகு கதவில் குப்பையாகத் தொங்கிய நாளிதழ்களை எடுத்து, பழைய பொருள் வாங்க வரும் காரங்கூனிக்காரருக்கு வைத்திருந்த கட்டோடு சேர்த்திருப்பீர்கள், கை தன்னால் செய்கிற வேலை. அதிகாரி கேட்டபோது, "கதவைத் திறந்தேன், உடனே வெளியே வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். பயம்.

நான் எழுதியதில் பாதி தவறாக இருக்கலாம். உங்களுக்கு மட்டுமே சரியானது தெரியும். குளிர்சாதனத் தொலையியக்கியில் அன்று நீங்கள் பார்த்த எண் 18 ஆக இருந்ததா 25 ஆக இருந்ததா என்பது, பாட்டி எப்போது இறந்தார் என்ற கணக்கையே மாற்றக்கூடியது. முதன்முதலாக எடுக்கப்படாமல் விடப்பட்ட நாளிதழ் எந்தத் தேதி என்பது இன்னொரு கணக்கு. வெள்ளிக்கிழமை இதழ் எடுக்கப்படவில்லை என்றால், வெள்ளி காலையில் மகனால் கதவு வரை வரமுடியவில்லை அல்லது அவர் வரவில்லை. இறந்துவிட்டார் என்று அதற்குப் பொருளல்ல. மயங்கிக் கிடந்திருக்கலாம். ஆனால் அது ஒரு புள்ளி. மூன்று நாளிதழ்களைப் பார்த்தேன் என்று நான் சொன்னேன், அடியில் இருந்தது எந்த நாளுடையது என்று நான் புரட்டிப் பார்க்கவில்லை. அதைக் கையில் எடுத்தவர் நீங்கள். அந்தக் கட்டு இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

மிச்சத்தைப் பரிசோதனைக் கூடம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அவர்களால் நிறைய முடியும். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த பாகில் உப்பும் யூரியாவும் மிகுந்திருந்தால் உயிரோடு இருந்தபோதே உடல் நீரின்றி வறண்டிருந்தது என்று சொல்ல முடியும். பாட்டியின் விஷயத்தில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் உடல் கெடக் கெட அந்த அளவுகளின் நம்பகம் குறைந்துகொண்டே போகும். இரத்தத்தில் தூக்க மாத்திரை இருந்தால் அது மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவா, மிகுதியா என்று பார்ப்பார்கள். அங்கேயும் சிக்கல் உண்டு. சில மருந்துகள் இறந்த பிறகு உறுப்புகளிலிருந்து கசிந்து இதயப் பக்கத்து இரத்தத்தில் அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் தொடையின் இரத்தக் குழாயிலிருந்து எடுப்பார்கள். அழுகும்போது உடலுக்குள் தானாகவே மதுச்சத்து உண்டாவதும் உண்டு. "குடித்திருந்தானாம்" என்று ஒரு பேச்சு அடுத்து வரப்போகிறது, அதற்காக முன்கூட்டியே சொல்கிறேன். மகனின் இதயக் குழாய் அடைத்திருந்தது என்று அறிக்கை வந்தாலும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. அடைப்போடு பல ஆண்டு வாழ்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சில மரணங்கள் உடலில் ஓர் அடையாளமும் விடுவதில்லை. அப்போது மருத்துவர் நேர்மையாக, கண்டறிய முடியவில்லை என்றுதான் எழுதுவார். அந்த இடத்தில் தராசின் மறுதட்டில் வைக்க இருப்பது, சன்னல், சாவி, நாளிதழ், தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா இல்லையா என்பது போன்ற சின்னச் சின்னச் செய்திகள். அவற்றைத் தருபவர்கள் நாம்தான். அதனால்தான் இரண்டு மரணத்தையும் ஒரே கதையாக முடிச்சுப் போடாமல், முதலில் பாட்டியின் மரணத்தைத் தனியாகவும் மகனின் மரணத்தைத் தனியாகவும் எடைபோட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

2010-ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டப்படி, மரண விசாரணை அதிகாரி தேடுவது இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதை. யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது அந்த விசாரணையின் வேலையே இல்லை. நம் நாட்டில் நடுவர் குழு (ஜூரி) முறையை 1970-லேயே எடுத்துவிட்டார்கள். நம் கீழ்த்தளத்து மேசைகளில் அதை நாம் மறுபடி நடத்த வேண்டாம்.

மகள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றத்தில் ஒருநாள் உட்காரத்தான் போகிறார். மருத்துவர் சொல்வதை ஒரு மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் தமிழில் சொல்வார். கேள்வி கேட்க அவருக்கும் வாய்ப்பு இருக்கும். அன்று அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி மின்தூக்கியில் என்னிடம் கேட்ட அதே கேள்வியாகத்தான் இருக்கும். அதற்குக் கிடைக்கும் விடை, "சூழ்நிலை தெளிவாக இல்லாததால் சொல்ல இயலவில்லை" என்பதாக இருந்தால், அந்தத் தெளிவின்மையில் ஒரு பங்கு திறந்து கிடந்த அந்தச் சன்னலுடையது. இதை நான் கடுமையாகச் சொல்வதாக நினைத்தால் மன்னித்துவிடுங்கள். அந்தப் பெண் தம்பியின் அஸ்தியை வாங்கிக்கொண்டு பினாங்கு திரும்பியிருக்கிறார். அம்மாவின் அஸ்தியோடு சேர்த்துக் கரைப்பதா, தனியாகவா என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். பதில் தெரியாமல் இரண்டு கலசத்தையும் வீட்டில் வைத்திருக்கிறார்.

கதவோரம் நின்று பார்த்த மற்றவர்களுக்கும் சொல்கிறேன். அதிகாரி மறுபடி வரும்போது "அடித்த காயம்" என்று சொல்லாதீர்கள். "கன்னம் கறுப்பாக இருந்தது, இந்தப் பக்கம்" என்று சொல்லுங்கள். "இரத்தம்" என்று சொல்லாதீர்கள். என்ன நிறம், எங்கிருந்து எதுவரை, காய்ந்திருந்ததா ஈரமா, அதைச் சொல்லுங்கள். கடைசியாக அவர்களை என்று பார்த்தீர்கள், அது அன்றுதான் என்று எப்படி நினைவிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் மறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

சன்னலைத் திறந்தவருக்கு ஒரு வார்த்தை. முதல் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ளத் தானாக வந்தவர்களை நான் நீதிமன்றத்தில் பல முறை பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று, அன்று பயத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்பார்கள். மொழிபெயர்க்கும்போது என் குரலும் அவர்கள் குரலோடு சேர்ந்து நடுங்கும். ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழிலேயே சொல்லலாம், ஆள் ஏற்பாடு செய்வார்கள். தனியாகப் போகத் தயங்கினால் நான் உடன் வருகிறேன். அதிகாரி என்னிடம் கொடுத்த அட்டை, குளிர்பதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மணியை அடிக்க வேண்டாம், கதவு திறந்தே இருக்கும்.

அன்புடன்,
கீழ்மாடி அக்கா